பேரேட்டுப் பக்க எண்ணும் வீட்டுக் கணினியும்

நம் உறுப்பினர்களில் பலர் வீட்டில் கணினி இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கென்று வாங்கியது. அதில் இரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, டேட்டாபேஸ் எனும் தரவுத்தளத்தை முதலாளிகளே பழக வேண்டும் என்பது நம் கருத்து. ‘பில் போட மென்பொருள் இருக்கிறதே, பையன் பார்த்துக்கொள்கிறானே’ என்பார்கள். வரிக் கணக்கு அதிலேயே இருக்கட்டும். எந்த ஊரில், யாரிடம், எத்தனை நாளாகப் பாக்கி நிற்கிறது என்பதைப் பையன் வரும்வரை காத்திராமல் நாமே எடுத்துப் பார்க்க வேண்டாமா?

அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. கடனுக்குப் போட்ட சரக்கைச் சிட்டையில் எழுதும்போது பார்ட்டியின் விலாசம் முழுவதையும் நாம் எழுதியதில்லை. பேரேட்டுப் பக்க எண்ணை ஓரத்தில் குறித்தோம். விவரங்களைத் தனித்தனி அட்டவணைகளில் வைத்து, பொதுவான ஒரு குறியால் இணைத்துப் பார்க்கும் முறையை 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் எழுதி வெளியிட்டார். நம் கணக்கப்பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தோன்றியிருக்காது.

லிப்ரே ஆபீஸ் தொகுப்பு இலவசம். அதிலுள்ள ‘பேஸ்’ பழகுவதற்குப் போதும். மூன்று அட்டவணை போடுங்கள்: பார்ட்டி, பில், வரவு. பார்ட்டியின் பெயர், ஊர், தொலைபேசி முதல் அட்டவணையில் ஒரே ஒரு முறை. மற்ற இரண்டிலும் பார்ட்டி எண் மட்டும்.

புதிதாகப் பழகுவோர் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் கொட்டி, பில்லுக்கு பில் பெயரைத் தட்டுகிறார்கள். முருகன் ஸ்டோர், முருகன் ஸ்டோர்ஸ், ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ் - நமக்கு ஒரே கடை; கணினிக்கு மூன்று கடை. ரூ.1,20,000 பாக்கி மூன்று நாற்பதாயிரமாகப் பிரிந்து நிற்கும். ‘நாற்பதுதானே’ என்று மேலும் இருபது மூட்டை ஏற்றிவிடுவோம். பணம் முடங்குவது இப்படித்தான். பார்ட்டி எண்ணைக் கொண்டு அட்டவணைகளை முறையாக இணைத்துவிட்டால், இல்லாத எண்ணுக்கு பில் எழுத விடாமல் கணினியே தடுக்கும்.

ஜி.எஸ்.டி. எண்ணையே பார்ட்டி எண்ணாக வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பதிவு பெறாத சிறு கடைக்காரருக்கு அந்த எண் ஏது? நாமே 1, 2, 3 என்று கொடுப்பதுதான் சரி.

இன்னொன்று. பருப்பு வகைகளின் எச்.எஸ்.என். குறியீடு 0713. அந்தக் கட்டத்தை ‘எண்’ வகையாக அமைத்தால் முன்பூச்சியம் போய் 713 ஆகிவிடும். கூட்டிக் கழிக்க வேண்டாத குறியீடு, தொலைபேசி இவற்றை ‘எழுத்து’ வகையாகவே வையுங்கள். தொகை மட்டும் எண்ணாக இருக்கட்டும்.

வாரம் ஒரு முறை பென் டிரைவில் நகல் எடுத்து, கணினி இருக்கும் இடத்தில் வைக்காமல் கடைப் பெட்டியில் வையுங்கள். தொடக்கத்தில் பத்து பார்ட்டி போதும். அவர்கள் பாக்கியைப் பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள். பைசா பிசகாமல் வந்த பிறகு மீதியை ஏற்றலாம்.