பிஜியில் காடு கூடியது, மொரீஷியஸில் குறைந்தது... நட்ட மரங்கள் சொல்லும் கணக்கு என்ன?

ஒரு நாட்டில் காட்டுப் பரப்பு அதிகரித்துவிட்டது என்று செய்தி வந்தால், அங்கே இயற்கை பிழைத்துக்கொண்டது என்றுதான் நினைப்போம். ஆனா, அந்தக் கணக்கில் மனிதர்கள் நட்டு வளர்த்த மரங்களும் சேர்ந்தே வருகின்றன. அதைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் என்ன தெரியும்? பிஜி, மொரீஷியஸ் என்ற 2 தீவு நாடுகள் இதற்கு நல்ல உதாரணம்.

எதெல்லாம் 'காடு'?

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்புதான் உலக நாடுகளின் காட்டுக் கணக்கைத் தொகுக்கிறது. பழத்தோட்டம், எண்ணெய்ப் பனைத் தோட்டம் எல்லாம் இதில் வராது. ஆனா, மரக்கட்டைக்காக ஒரே இனத்தை வரிசையாக நட்ட பைன் தோப்பு வரும். 'நடப்பட்ட காடு' என்று இதற்குத் தனிக் கணக்கும் உண்டு.

பிஜியில் என்ன நடந்தது?

1990-ல் சுமார் 9.53 லட்சம் ஹெக்டேராக இருந்த பிஜியின் மொத்தக் காடு, 2010-ல் சுமார் 10.14 லட்சம் ஹெக்டேர் ஆனது. பார்த்தால் நல்ல செய்திதான். ஆனா, அதே காலத்தில் நடப்பட்ட காடு சுமார் 92 ஆயிரத்திலிருந்து 1.77 லட்சம் ஹெக்டேராக உயர்ந்தது. இதைக் கழித்துப் பார்த்தால், தானாக வளர்ந்த காடு சுமார் 24 ஆயிரம் ஹெக்டேர் குறைந்திருக்கிறது. அதாவது, கூடியது அத்தனையும் நட்டதுதான்!

அதுக்காக நட்டது எல்லாமே தப்பு என்று சொல்லிவிட முடியாது. விட்டி லெவு தீவின் மேற்குப் பக்கம் அடிக்கடி தீப்பிடிக்கும் வறண்ட புல்வெளி. அங்கேதான் பைன் மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. இதற்காக 1976-ல் தனி ஆணையமே அமைக்கப்பட்டது. மஹோகனி கதை வேறு. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மரம், ஆங்கிலேயர் ஆட்சியின் கடைசிக் காலத்திலிருந்து, மரம் வெட்டப்பட்ட மழைக்காட்டு நிலங்களில் நடப்பட்டது.

பணம் புழங்கும் இடத்தில் அரசியலும் வரும். 2000-ல் மகேந்திர சௌத்ரி அரசுக்கு எதிராக ஆட்சிக் கவிழ்ப்பை நடத்திய ஜார்ஜ் ஸ்பைட், முன்பு அரசின் மஹோகனி நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர்.

மொரீஷியஸ் ஏன் வேறு பாதை?

மொரீஷியஸ் பரப்பில் பிஜியில் 9-ல் ஒரு பங்குதான். 1638-ல் குடியேறிய டச்சுக்காரர்கள் கருங்காலி மரங்களை வெட்டினார்கள். பிறகு கரும்பு வந்தது, காடு போனது. இன்று நல்ல நிலையில் உள்ள பூர்விகக் காடு, நாட்டின் நிலப்பரப்பில் 2 சதவீதத்துக்கும் கீழே!

2010-ல் அங்கே மொத்தக் காடு சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர். 1990-ஐ விட இது சுமார் 4 ஆயிரம் குறைவு. இருப்பதிலும் சுமார் 15 ஆயிரம் ஹெக்டேர் நட்டதுதான், பெரும்பாலும் பைன். ஆனா, 2006-ல் வந்த தேசிய வனக் கொள்கை, மரக்கட்டை உற்பத்தியை விடப் பாதுகாப்பே முக்கியம் என்றது. 1994-ல் உருவான பிளாக் ரிவர் தேசியப் பூங்காவில், வெளியிலிருந்து வந்து பரவிய சீனக் கொய்யாவைப் பிடுங்கிவிட்டு, உள்நாட்டு மரங்களை மீட்கும் வேலை நடக்கிறது. இந்த உழைப்பால் மொத்தக் காட்டுப் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது. ஏற்கெனவே 'காடு' என்று இருந்த இடம்தானே அது!

இது ஏன் முக்கியம்?

இந்தக் கணக்கை வைத்துத்தான் இப்போது பணமும் வருகிறது. காடு அழிவதைக் குறைத்து கார்பன் வெளியேற்றத்தைத் தடுத்தால் 1.25 கோடி டாலர் வரை கிடைக்கும் என, உலக வங்கி நிர்வகிக்கும் நிதியத்துடன் பிஜி 2021-ல் ஒப்பந்தம் போட்டது. 15 ஆண்டுகளில் 3 கோடி மரங்கள் நடும் திட்டமும் அங்கே இருக்கிறது.

பைன் தோப்பை வெட்டினாலும் சில பத்தாண்டுகளில் திரும்ப வளர்த்துவிடலாம். மொரீஷியஸ் இழந்த கருங்காலிக் காட்டை அப்படித் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. ஆக, இனி 'காடு கூடியது' என்று எந்த நாடு சொன்னாலும், அடுத்த கேள்வி இதுதான்: வளர்ந்ததா, நட்டதா?