குட்டையில் மீன் தூக்கும் பறவை எது?

கேள்வி: மீன் குட்டைக்கு ஐப்பசி முதல் பருந்து போன்ற பெரிய பறவை ஒன்று வருகிறது. தண்ணீரில் பாய்ந்து மீனைத் தூக்கிச் செல்கிறது. இது எந்தப் பறவை? விஷம் வைக்கலாமா?

பதில்: குளிர்காலத்தில் மட்டும் வருவதையும் தண்ணீருக்குள் பாய்வதையும் பார்த்தால், இது விராலடிப்பானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வடக்கே உள்ள குளிர் நாடுகளிலிருந்து வந்து, பங்குனி வாக்கில் திரும்பிவிடும். கீழ்க்கண்ட அடையாளங்களை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

விராலடிப்பான்: மேல்புறம் கரும்பழுப்பு, அடிப்புறம் வெள்ளை. வெள்ளைத் தலையில் கண் வழியே கருப்புப் பட்டை ஓடும். சிறகு விரித்தால் 5 முதல் 6 அடி. அந்தரத்தில் சிறகடித்து நின்று, கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் விழும். மீனின் தலை முன்பக்கம் இருக்கும்படி பிடித்துச் செல்லும்.

செம்பருந்து (கருடன்): உடல் செங்கல் நிறம், தலையும் மார்பும் வெள்ளை. சிறகு விரிப்பு சுமார் 4 அடி. தண்ணீரில் மூழ்காது. மேலே வரும் மீனையும் செத்த மீனையும் கொத்திக்கொண்டு போகும்.

வெண்வயிற்றுக் கடற்கழுகு: பெரும்பாலும் கடலோரத்தில் காணப்படும். மூன்றிலும் பெரியது. தலையும் வயிறும் வெள்ளை, முதுகு சாம்பல் நிறம், வால் குட்டை. கண்ணில் பட்டை இருக்காது.

அடையாளம் தெரிந்தால்தான் சரியான வழி தெரியும். விடியற்காலையில் செம்பருந்துகள் பல வட்டமிட்டால், முதலில் தண்ணீரைப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் குறைவு என்று பொருள். உடனே புதுத்தண்ணீர் பாய்ச்சுங்கள். சாணம், தீவனம் இடுவதை நிறுத்துங்கள்.

விராலடிப்பான் சுமார் 3 அடி ஆழம் வரைதான் பாயும். ஒரு பாய்ச்சலில் ஒரு மீன், அதுவும் பெரும்பாலும் 150 முதல் 300 கிராம் எடையுள்ளதையே பிடிக்கும். குஞ்சுகள் ஏராளமாகக் குறைந்தால், கூட்டமாக வந்து மூழ்கும் நீர்க்காகம் வருகிறதா என்று கவனியுங்கள்.

குட்டையின் குறுக்கே கண்ணுக்குத் தெரியும் தடித்த கயிறுகளை நெருக்கமாகக் கட்டி, மினுங்கும் நாடாக்களைத் தொங்கவிடுங்கள். மெல்லிய நரம்பு வலை வேண்டாம். பறவை சிக்கிச் செத்துவிடும். கரையில் பறவை உட்காரும் பட்ட கொம்புகளை அகற்றுங்கள்.

விஷம் வைக்கவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் விராலடிப்பான் உள்ளது. கொன்றால் சிறைத் தண்டனை உண்டு. விஷம் கலந்த மீனை நாயோ கோழியோ தின்றால், நஷ்டம் உங்கள் வீட்டுக்கும் வரும்.