பேங்க் வேணாம், ஓனருக்கே தவணை... டைட்டில் இன்ஷூரன்ஸ் இருந்தா வீடு பத்திரமா?

"பேங்க்குக்கு எதுக்கு தம்பி வட்டி கட்டணும்? இப்போ முப்பது லட்சம் குடுங்க. மீதியை மூணு வருஷத்துல எனக்கே தவணையா கட்டிடுங்க. முடிஞ்சதும் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்."

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பழைய ஃபிளாட் தேடுறவங்களுக்கு இப்படி ஒரு ஆஃபர் வரலாம். சம்பள சிலிப் இல்லாத ஃப்ரீலான்ஸர், சிபில் ஸ்கோர் அடிவாங்கினவர், புதுசா பிசினஸ் ஆரம்பிச்சவர்... இவங்களுக்கெல்லாம் இது வரம் மாதிரிதான் தெரியும். 'கட்டடம் ரொம்பப் பழசு' என்று பேங்க் கைவிரித்த ஃபிளாட்டுக்கும் இது ஒரு வழி.

அமெரிக்காவில் இதற்கு 'ஓனர் ஃபைனான்ஸிங்' என்று பெயர். இப்படி வாங்குகிறவர்களுக்கு அங்கே சொல்லப்படும் முக்கியமான அறிவுரை, 'டைட்டில் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கோங்க' என்பது. நம்ம ஊர்ல அது நம்மைக் காப்பாத்துமா?

பின்னாடி பார்க்கும் இன்ஷூரன்ஸ்

பைக் இன்ஷூரன்ஸ் நாளைக்கு நடக்கப்போகும் விபத்துக்கு. டைட்டில் இன்ஷூரன்ஸ் நேற்றே நடந்து முடிந்த தப்புக்கு. போலிக் கையெழுத்து, மறைக்கப்பட்ட வாரிசு, அடைக்காத பழைய கடன்... இப்படி ஏதாவது பின்னால் கிளம்பினால், கோர்ட் செலவையும் நஷ்டத்தையும் கம்பெனி ஏற்கும். அமெரிக்காவில் வாங்கும்போதே ஒரே ஒரு முறை பிரீமியம் கட்டினால் போதும்.

இதன் தொடக்கமே ஒரு ஏமாற்றத்தில்தான். பழைய கடன் பாத்தியதை ஒன்றால் பணத்தை இழந்த ஒருவர், சொத்தை ஆராய்ந்து 'ஓகே' சொன்னவர் மீது பென்சில்வேனியாவில் வழக்கு போட்டார். 1868-ல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. 1876-ல் பிலடெல்பியாவில் முதல் டைட்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனி உருவானது.

அங்கே வீட்டுக் கடன் கொடுக்கும் பேங்க் இந்த பாலிசியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நம்ம ஊர் பேங்க், தன் வக்கீலை வைத்து மூலப்பத்திரத்தையும் பல வருட வில்லங்கத்தையும் அலசும். ஓனருக்கே தவணை கட்டும்போது பேங்க்கே கிடையாது. வட்டி மிச்சமாகிற அதே நேரத்தில், உங்களுக்காக நடந்திருக்க வேண்டிய செக்கிங்கும் காணாமல் போகிறது.

இந்தியாவில் 2016-ம் வருட ரெரா சட்டத்தின் 16-வது பிரிவு டைட்டில் இன்ஷூரன்ஸ் பற்றிப் பேசுகிறது. ஆனால், அது புதிய புராஜெக்ட் கட்டும் பில்டருக்கானது. 60 வயது ஓனரிடமிருந்து நீங்கள் வாங்கும் பழைய ஃபிளாட் அதில் வராது. தனிநபர்கள் பழைய ஃபிளாட்டுக்கு இந்த பாலிசி எடுப்பது இங்கே இன்னும் அரிது.

வில்லங்கம் இல்லைன்னா பிரச்னையே இல்லையா?

'இ.சி. போட்டுப் பார்த்தாச்சு, க்ளீன்' என்று பலரும் நிம்மதியாகிவிடுவார்கள். இ.சி-யில் தெரிவது பதிவான ஆவணங்கள் மட்டும்தான். உயிலைப் பதிவு செய்யவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதனால், ஓனரின் அப்பா எழுதிவைத்த உயில் அதில் தெரியாமல் போகலாம். 1989-ல் தமிழ்நாடும், 2005-ல் மத்திய அரசும் கொண்டுவந்த சட்டத் திருத்தங்களால் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு உண்டு. வெளிநாட்டில் இருக்கும் அக்கா கையெழுத்து போடாத பாகப்பிரிவினையும் ஒருநாள் கதவைத் தட்டலாம். மயிலாப்பூர் ஏரியாவில் இன்னொரு கேள்வியும் முக்கியம்: கட்டடம் ஓனருடையது, அடியில் இருக்கும் மனை யாருடையது? கோயில் மனை என்றால் கதையே வேறு.

சரி, சப்-ரிஜிஸ்ட்ரார் இதையெல்லாம் பார்க்க மாட்டாரா? விற்பவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது பதிவு அதிகாரியின் வேலை இல்லை என்று, 2025 ஏப்ரலில் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதற்காக, உரிமைக்கு அரசு கேரன்டி கொடுத்ததாக அர்த்தமில்லை.

உண்மையான ஓட்டை இந்த மூணு வருஷம்

இதெல்லாம் பழைய தப்புகள். டைட்டில் இன்ஷூரன்ஸ் கிடைத்தால் இவற்றுக்கு உதவும். ஆனால், தவணை முறையில் பெரிய ஆபத்து இனிமேல் நடக்கப்போவதில் இருக்கிறது.

நீங்கள் தவணை கட்டும் மூன்று வருடமும் வீடு ஓனர் பேரில்தான் இருக்கும். அதற்குள் அவர் வேறொருவருக்கு விற்கலாம். அடமானம் வைக்கலாம். அவருடைய கடன்காரர் கோர்ட் மூலம் வீட்டை ஜப்தி செய்யலாம். அவர் இறந்துபோனால், வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்துக்கும் நீங்கள் அலையவேண்டும். பாலிசி எடுத்த தேதிக்குப் பிறகு நடக்கும் இந்த விஷயங்களை வழக்கமான டைட்டில் இன்ஷூரன்ஸ் கவர் செய்யாது.

அதனால், முதல் பாதுகாப்பு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இல்லை. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் இருக்கிறது.

ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணுங்க

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யவேண்டும். 'பதிவு பண்ணலைன்னாலும் செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சே' என்று சிலர் சொல்வார்கள். 2023 ஏப்ரல் தீர்ப்பு சொன்னது, 'கிரயம் செய்து கொடு' என்று கேட்கும் வழக்கில் பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்பதைத்தான். அதாவது, கேஸ் போட உதவும். விஷயமே தெரியாமல் முழுப்பணம் கொடுத்து அதே வீட்டை வாங்கிய இன்னொருவர் முன்னால், அது உங்களுக்குக் கைகொடுக்காமல் போகலாம்.

பதிவு செய்த ஒப்பந்தம் இ.சி-யில் ஏறிவிடும். அடுத்து வாங்க வருபவர், 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. பிறகு வரும் ஜப்தியிலிருந்தும், முன்கூட்டியே பதிவான ஒப்பந்தப்படி நடக்கும் கிரயத்துக்குச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. இன்னொன்று: 2001-க்குப் பிறகு, சாவியை வாங்கிக் குடியேறிவிட்டாலும் பதிவாகாத ஒப்பந்தத்தைக் காட்டி அந்தச் சுவாதீனத்தைத் தற்காத்துக்கொள்ள முடியாது.

இதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு

முழுப்பணமும் கொடுத்தால்தான் கிரயம் என்று சட்டம் சொல்லவில்லை. பாதி கொடுத்து, பாதியைத் தருவதாக ஒப்புக்கொண்டும் கிரயப் பத்திரம் முடிக்கலாம். இன்றே வீட்டை உங்கள் பேருக்கு மாற்றிக்கொண்டு, பாக்கித் தொகைக்கு அதே வீட்டை ஓனருக்கு அடமானமாகப் பதிவு செய்து கொடுப்பதுதான் அந்த வழி. பேங்க் இருக்கவேண்டிய இடத்தில் ஓனர் இருப்பார். அவர் பணத்துக்கும் பாதுகாப்பு, உங்கள் வீட்டுக்கும் பாதுகாப்பு.

இதற்குச் செலவு உண்டு. 80 லட்ச ரூபாய் ஃபிளாட் என்றால் 7% முத்திரைத்தீர்வை, 2% பதிவுக் கட்டணம் சேர்த்து 7.2 லட்சத்தை இப்போதே எடுத்துவைக்க வேண்டும். அடமானத்துக்குத் தனிக் கட்டணம். 'அப்புறம் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்' என்பது இனிப்பாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், அந்தச் செலவு எப்படியும் வரத்தான் போகிறது. அதைத் தள்ளிப்போடுவதற்கு நீங்கள் பணயம் வைப்பது, கையை விட்டுப்போன முப்பது லட்சத்தை.

பத்திரம் உங்கள் பேருக்கு வந்த பிறகு மிஞ்சுவது பழைய தப்புகளின் ஆபத்து. டைட்டில் இன்ஷூரன்ஸுக்கு அர்த்தம் வரும் இடம் அதுதான். பாலிசி கிடைக்கவில்லையா? ஓனர் காட்டும் ஆளை விட்டுவிட்டு நீங்களே ஒரு வக்கீலைப் பிடியுங்கள். 30 வருட இ.சி., ஒரிஜினல் மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, யு.டி.எஸ். கணக்கு, கோர்ட் கேஸ் எல்லாவற்றையும் பார்த்து எழுத்தில் ஒப்பீனியன் கேளுங்கள்.

எந்த வழியில் போனாலும் ஒவ்வொரு தவணையும் பேங்க் அக்கவுன்ட் வழியாகவே போகட்டும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒவ்வொரு தவணையிலும் 1% டி.டி.எஸ். பிடித்துக் கட்டவேண்டியது உங்கள் பொறுப்பு.

அடுத்த முறை 'மெதுவா ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம் தம்பி' என்று ஓனர் சொன்னால், மரியாதையாகவே கேளுங்கள்: "பாக்கிக்கு வீட்டையே அடமானமா எழுதித் தர்றேன் சார். இப்பவே ரிஜிஸ்டர் பண்ணிக் குடுக்குறீங்களா?" அதற்கு வரும் பதிலிலேயே உங்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.