பதக்கம் ஆட்சியருக்கு, பாதபூஜை தொழிலாளிக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 21 குடிமைப் பணிகள் நாள். 1947இல் அதே நாளில் டெல்லி மெட்காஃப் மாளிகையில் பயிற்சி அதிகாரிகளிடம் பட்டேல் உரையாற்றியதன் நினைவு அது. 2006இல் தொடங்கப்பட்ட பொது நிர்வாகச் சிறப்புக்கான பிரதமர் விருதை அந்த நாளில்தான் வழங்குகிறார்கள். ஒன்றிய அரசின் முன்னுரிமைத் திட்டங்களை நன்றாகச் செயல்படுத்திய மாவட்டங்களுக்கு விருது. மேடையேறி வாங்குபவர் பெரும்பாலும் ஆட்சியர். தூய்மை இந்தியா திட்டமும் அந்தத் திட்டங்களில் இடம்பெற்றதுண்டு.

ஆட்சியரைப் பாராட்டக் கூடாது என்பதல்ல என் வாதம். இடஒதுக்கீட்டில் படித்து வந்த ஒருவர் அந்த மேடையில் நிற்பதைப் பார்த்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மாவட்டம் தூய்மையானது யார் கையால்?

என் ஆய்வுக்காகத் தூய்மைப் பணியாளர்களிடம் 'நீங்கள் அரசு ஊழியரா?' என்று கேட்டால் சிரிக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளாக ஒரே தெருவைக் கூட்டும் அக்கா ஒருவரிடம் மூன்று ஒப்பந்த நிறுவனங்களின் அடையாள அட்டைகள் இருந்தன. தெரு மாறவில்லை, துடைப்பம் மாறவில்லை, முதலாளி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார். அரசு ஊழியரே இல்லாதவருக்கு அரசு ஊழியர் விருது எப்படி வரும்?

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகை முன் தொழிலாளர்கள் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்தார்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை காலை உணவுத் திட்டம் அறிவித்தது. அவர்கள் கேட்டது வேலையை, கிடைத்தது இட்லி.

டெல்லியின் மரியாதை வேறு வகை. 2019 கும்பமேளாவில் ஐந்து தூய்மைப் பணியாளர்களின் கால்களைப் பிரதமர் கழுவினார். காலைக் கழுவச் செலவில்லை. பணி நிரந்தரம் செய்தால் ஊதியமும் ஓய்வூதியமும் தர வேண்டும். இதைச் சாதி இல்லாமல் விளங்கிக்கொள்ள முடியாது: கழிவுநீர், மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றி ஒன்றிய அரசே எடுத்து 2024இல் வெளிவந்த கணக்கில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 2013இன் சட்டம் இருந்தும் மலக்குழிச் சாவுகள் நிற்கவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது.

ஆகவே விருதுக்கான விண்ணப்பத்தில் மூன்று கேள்விகளைச் சேர்க்கச் சொல்கிறேன். மாவட்டத்தில் எத்தனை தூய்மைப் பணியாளர்கள் நிரந்தரம்? எத்தனை பேர் ஒப்பந்தம்? கடந்த ஆண்டு மலக்குழியில் எத்தனை பேர் இறந்தார்கள்? கடைசிக் கேள்விக்குப் பூச்சியம் என்று எழுத முடியாத மாவட்டத்தின் விண்ணப்பத்தை அங்கேயே தள்ளுபடி செய்யட்டும்.