விதைக்குப் பாராட்டு! விளைச்சலுக்கு விலை எங்கே?

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! மலைவாழ் சொந்தங்களே! தாய்மார்களே!



சென்னை தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1988-ல் தொடங்கியது. லாப நோக்கம் இல்லாத நிறுவனம். 1990-களிலேயே கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு விதைகள் அழியாமல் இருக்க வேலை செய்தவர்கள் இவர்கள். ஊரில் விதை வங்கி வைக்கத் துணை நின்றார்கள். உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப்போன பெண்களுக்கு உமி நீக்குகிற மெஷின் கொண்டுவந்தார்கள். மகளிர் குழுக்கள் பாக்கெட் போட்டு விற்க வழி காட்டினார்கள். இதையெல்லாம் இல்லை என்று சொல்ல நாம் நன்றி கெட்டவர்கள் அல்ல.

ஆனாலும் கேட்கிறோம். இவ்வளவு வேலை நடந்த மலையில் சாமைக்காடு பெருகியதா? இல்லையே! மேட்டு நிலமெல்லாம் மரவள்ளி ஆகிவிட்டதே, ஏன்? நம்ம சனங்களுக்குச் சாமைச்சோறு கசந்துபோச்சா? அதெல்லாம் இல்லை. மரவள்ளிக் கிழங்குக்கு விலை ஏறும், இறங்கும். சேகோ ஆலைக்காரன் சில வருசம் வயித்துல அடிப்பான். ஆனாலும் கிழங்கை மொத்தமாக எடுக்க ஆள் இருக்கிறது, கையில் காசு வருகிறது. சாமைக்கு யார் இருக்கிறார்கள்? வியாபாரி வாயில் வருவதுதான் விலை. விதை வங்கியில் விதை இருக்கிறது, விதைத்தவன் மடியில் காசு இல்லை. அப்புறம் எவன் விதைப்பான்?

விதை பெட்டியில் இருந்தால் அது பொருட்காட்சி. வருசா வருசம் மண்ணில் விழுந்தால்தான் அது விதை. அதை மண்ணில் விழவைப்பது விலை ஒன்றுதான்.

விலைக்கு வருவோம். மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிற 22 பயிர்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நெல் இருக்கு, கோதுமை இருக்கு, சோளம், கம்பு, கேழ்வரகு இருக்கு. சாமை இல்லை. தினை இல்லை. பனிவரகு இல்லை. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று டமாரம் அடித்தார்கள். ஸ்ரீ அன்னா என்று பேர் வைத்தார்கள். டெல்லி ஜி-20 விருந்தில் வந்தவர்களுக்குச் சிறுதானியப் பலகாரம் பரிமாறினார்கள். விருந்தாளிக்கு இலை போட்டாச்சு, விளைவித்தவனுக்கு விலை போட ஆளில்லை!

பட்டியலில் இருக்கிற பயிருக்காவது நியாயம் கிடைத்ததா? 2004-ல் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையத்துக்கு இதே சுவாமிநாதன்தான் தலைவர். 2006-க்குள் ஐந்து அறிக்கை கொடுத்தார். உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதம் சேர்த்து விலை கொடு என்றார். 2015-ல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில், அப்படிக் கொடுத்தால் சந்தை குலைந்துபோகும் என்று பிரமாணப் பத்திரம் போட்டது. 2018 பட்ஜெட்டில் ஒன்றரை மடங்கு கொடுத்துவிட்டோம் என்றது. எந்தச் செலவுக்கு ஒன்றரை மடங்கு? அங்கேதான் சூது. விதை, உரம், கூலி என்று கைவிட்டுப் போன காசையும் வீட்டு ஆள் உழைப்பையும் மட்டும் கணக்கில் எடுத்தார்கள். சொந்த நிலத்துக்கான வாடகையும் போட்ட முதலுக்கான வட்டியும் சேர்ந்ததுதான் முழுச் செலவு. அதை விட்டுவிட்டார்கள். கடைக்காரன் கடை வாடகையைச் செலவில் எழுதலாம், நம்ம நிலத்துக்கு மட்டும் கணக்கு கிடையாதா?

2024 பிப்ரவரி 9-ம் தேதி சுவாமிநாதனுக்குப் பாரத ரத்னா அறிவித்தார்கள். அப்போது அவர் உயிரோடு இல்லை. நாலே நாள் கழித்து, 13-ம் தேதி, அவர் சொன்ன விலையைச் சட்டமாக்கு என்று கேட்டு டெல்லிக்குக் கிளம்பிய பஞ்சாப் விவசாயிகள் மேல் ஷம்பு எல்லையில் கண்ணீர்ப் புகைக் குண்டு வீசினார்கள். சொன்னவருக்கு மாலை, சொன்னதைக் கேட்டவனுக்குப் புகை! விவசாயிகளைக் குற்றவாளிகளைப் போல நடத்தக் கூடாது என்று அவருடைய மகள் மதுரா சுவாமிநாதன் அப்போதே சொன்னார். அவருக்கு நன்றி.

ஆராய்ச்சி நிறுவனத்தாருக்கும் ஒரு வார்த்தை. ஆணையம் வேறு, நிறுவனம் வேறு என்பது நமக்குத் தெரியும். ஆனால் பேர் ஒன்றுதானே! கருத்தரங்கில் விதையின் பெருமை பேசுகிற நீங்கள், விதைத்தவனுக்கு விலை கேட்டும் சத்தமாகப் பேசுங்கள். உங்கள் சொல் டெல்லியில் ஏறும், எங்கள் சொல் ஏற மாட்டேங்குது.

“உற்பத்தி குறைவு, கொள்முதல் செய்தால் கட்டாது” என்பார்கள் அதிகாரிகள். விலை இல்லாததால்தானே ஐயா உற்பத்தி குறைந்தது? 2023-ல் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் கேழ்வரகு போடத் தமிழக அரசால் முடிந்தது. சாமைக்கும் தினைக்கும் மட்டும் கை வராதா?

நமது கோரிக்கைகள்:

1. சாமை, தினை, பனிவரகை ஆதரவு விலைப் பட்டியலில் சேர்! முழுச் செலவோடு 50 சதம் சேர்த்து விலை கொடு!

2. மலையிலேயே கொள்முதல் நிலையம் திற! ரேஷனிலும் சத்துணவிலும் அந்தச் சாமையைப் போடு!

3. ஊருக்கு ஊர் உமி நீக்கும் மெஷின் வை! பழுது பார்க்க ஆள் போடு!

4. ஆராய்ச்சிக்கு விதை எடுப்பவர் யாராக இருந்தாலும் கிராம சபையைக் கேட்டு எடுக்கட்டும்! எந்த விதை, எவ்வளவு, எதற்கு என்று தமிழில் எழுதிக் கொடுக்கட்டும்! விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க நமக்கு உள்ள உரிமையை 2001-ம் வருடச் சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள்!

வருகிற கிராம சபையில் இந்த நாலையும் தீர்மானமாகப் போடுங்கள். “எழுதிக்கிட்டோம், போங்க” என்றால் போகாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு, படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகலைச் சங்கத்தில் கொடுங்கள். ஊர் ஊராகச் சேர்ந்த நகல்களோடு கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போவோம்.

விதை நமது! விலையும் நமதாகட்டும்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்