புலிக்குட்டி வீடியோவும் நான் தவறாக நடத்திய பாடமும்



நேற்று நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. தாயை இழந்த புலிக்குட்டியை மடியில் வைத்து ஒருவர் புட்டிப்பால் ஊட்டுகிறார். கீழே வரிசையாக இதயப் படங்கள். "சார், பெரிதானதும் இதைக் காட்டில் விட்டால் பிழைக்குமா?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள்.

தாயில்லாக் குட்டிக்கு வேட்டை வராது, மிருகக்காட்சி சாலைதான் கதி என்று வகுப்பில் அடித்துச் சொன்னவன் நான். அது தவறு.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்தில் 2009-இல் ஒரு புலிகூட மிஞ்சவில்லை. வேறு காடுகளிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். 2011-இல் அப்படி வந்த இரண்டு பெண்புலிகள் சகோதரிகள். குட்டியிலேயே தாயை இழந்து, கான்ஹாவில் வேலியிட்ட அடைப்புக்குள் வளர்ந்தவை. டி4, டி5 என்று பெயர் (பெயரா அது, ரோல் நம்பர் மாதிரி!). டி4 தானே வேட்டையாடிப் பிழைத்தது, குட்டிகளும் போட்டது. ரஷ்யாவில் சோலுஷ்கா என்ற பெண்புலியும் அப்படித்தான். 2012-இல் அநாதைக் குட்டியாகக் கிடைத்தது. ஆட்கள் கண்ணில் படாமல், கேமரா வழியே கவனித்து, உயிருள்ள இரையைக் கொடுத்து வளர்த்தார்கள். 2013-இல் பாஸ்தாக் காப்பகத்தில் விட்டார்கள். அதுவும் தாயானது.

பாய்வதும் கவ்வுவதும் புலியின் ரத்தத்திலேயே இருக்கிறது. மனிதனைக் கண்டால் ஒதுங்கும் குணம்தான் சீக்கிரம் கெட்டுப்போவது. துத்வாவில் பில்லி அர்ஜன் சிங், இங்கிலாந்து மிருகக்காட்சி சாலையிலிருந்து 1976-இல் வந்த தாரா என்ற குட்டியைக் கையில் வளர்த்துக் காட்டுக்கு அனுப்பினார். பிறகு அந்தப் பக்கம் ஆட்கள் புலியிடம் சிக்கிச் செத்தபோது, தாராதான் என்றார்கள் பலர். இல்லவே இல்லை என்றார் அவர். அந்தச் சண்டை தீரவேயில்லை. அவருடைய பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காட்டோரம் மாடு மேய்க்கிறவருக்கு அந்தப் பாசத்தால் என்ன பாதுகாப்பு?

ஆகவே, மீட்ட முதல் நாளே முடிவெடுக்க வேண்டும். காட்டுக்குத்தான் என்றால் மடி கூடாது, புட்டியைப் பிடிக்கும் கை தெரியக் கூடாது, செல்ஃபி கூடவே கூடாது. மனிதர்களிடம் பழகிவிட்ட புலியை இரக்கப்பட்டு அவிழ்த்துவிடக் கூடாது. கடைசிவரை நாம்தான் வைத்துச் சோறு போட வேண்டும். செலவுதான், என்ன செய்வது!

உன் கேள்விக்குப் பதில் அம்மா: அந்தக் குட்டி பிழைத்தாலும் பிழைக்கும். ஆனால் அதைக் காட்டில் விடச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த வீடியோவுக்கு நான் இதயம் போடாததற்கும் காரணம் இதுதான்.