பாவு இருக்கு... ஊடை எங்கே?

குமாரபாளையத்துத் தறிக்குடோன் ஒன்றில் போய், வெறும் பாவைக் காட்டி ‘இதுதான் துணி’ என்று சொல்லிப் பாருங்கள். சிரித்தே அனுப்பிவிடுவார்கள். ஊடை ஓடாமல் ஏது துணி? ஆனால், வரிசையாக மரக்கன்று நட்டு, ஒரு கொடிகூட இல்லாமல் ‘குறுங்காடு’ என்று போர்டு மாட்டினால் மட்டும் கை தட்டுகிறோம்!

வெறும் மரக்கூட்டம் காடு ஆகாதுங்க. மரத்துக்கு மரம் கொடி ஓடினால்தான் அணிலுக்குப் பாதை, குருவிக்கு மறைவு. காட்டோரத்தில் கொடியும் புதரும் பின்னி நின்றால்தான் அனல்காற்று உள்ளே புகாது. ‘கிரிம்சன் ரோஸ்’ பட்டாம்பூச்சியின் புழு ஈஸ்வரமூலி வகைக் கொடிகளை விட்டால் வேறு இலை தின்னாது. கொடி போச்சா, பட்டாம்பூச்சியும் போச்சு!

கொங்கு நாட்டுக் கிளுவை வேலியைப் பார்த்திருப்பீர்கள். கோவை, பிரண்டை, முடக்கத்தான், வேலிப்பருத்தி எல்லாம் அதில்தான் குடியிருந்தன. யாரும் காசு கொடுத்து வாங்கி நடவில்லை. குருவி பழம் தின்று போட்ட விதைதான் பாதி. இன்றைக்கு? லே-அவுட் போடுகிறவர் முதல் வேலையாக ஜேசிபி விட்டு வேலியை வழித்தெடுக்கிறார். கம்பி கட்டுகிறார். அப்புறம் நர்சரிக்குப் போய் மெக்ஸிகோ கொடிரோஸும், மணி பிளான்ட்டும் வாங்கி வருகிறார்!

அந்த மணி பிளான்ட்டின் பூர்வீகம் தாஹிதி பக்கத்து மூரியா தீவு. தொட்டியில் சாது. காட்டுக்குள் புகுந்தால்? இலங்கையில் கண்டி நகரத்து உடவத்தகெலே காட்டைக் கேளுங்கள். தரையை மூடி, மரமெல்லாம் ஏறிப் படர்ந்து கிடக்கிறது. அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு கொள்கையே வெளியிட்டது. அதே வருஷம், பசுமைப் பரப்பை 33 சதவிகிதமாக்கும் இயக்கத்தையும் தொடங்கியது. ஒரு கையால் பிடுங்கி, மறு கையால் நட்டால் கணக்கு எப்படி நேராகும்?

‘கொடி மரத்தை அமுக்கிடுமே சார்’ என்பீர்கள். சின்னக் கன்றில் விட்டால் அமுக்கத்தான் செய்யும். மூன்று நாலு வருஷம் பொறுங்கள். சீந்திலை நன்றாக வளர்ந்த மரத்தில் மட்டும் ஏற்றுங்கள். கோவையும் பிரண்டையும் வேலியோரம் இருக்கட்டும். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும், குன்றிமணி விதையும் விஷம். பள்ளிக்கூடத்துப் பக்கம் அவை வேண்டாம். இவ்வளவுதான் பாடம்.

அடுத்த முறை மரம் நடும் விழாவுக்குக் கூப்பிட்டால், போட்டோவுக்கு நிற்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: “கொடி எங்கேங்க?” வேலியை வழிக்க வரும் ஜேசிபிக்கு முன்னாலும் கேளுங்கள்.

பிரண்டையில் ஒரு துண்டை ஒடித்து ஊன்றினால் போதும், தானாகவே வரும். பைசா செலவில்லை. ஒருவேளை, அதனால்தான் இதற்கு யாரும் டெண்டர் விடுவதில்லையோ?